ஏழு இருக்கை டீசல் காருக்கு எவ்வளவு எடையுள்ள கேரவன் பொருந்தும்? (இங்கிலாந்து)

கீன்ஸ்_கார்த்தி | சனி, இரவு 9.15

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மில்டன் கீன்ஸில் இருக்கிறோம். கேரவன், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி, வாங்குவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் இழுபறி. நானும் மனைவியும், பிள்ளைகள் இரண்டு பேர், வருடத்தில் பாதி நாள் அம்மாவும் கூட இருப்பார். ஆக ஐந்து பேருக்குப் படுக்க இடம் வேண்டும்.

கார் 2019 மாடல், ஏழு இருக்கை டீசல், மேனுவல் கியர். காரின் பதிவுப் பத்திரத்தில் (வி5சி) 'ஜி' கட்டத்தில், அதாவது காரின் எடை, 1,690 கிலோ என்று இருக்கிறது. 'ஓ.1' கட்டத்தில், அதாவது இழுக்கக்கூடிய உச்ச எடை, 1,800. கதவுத் தூணில் உள்ள தகட்டில் முதல் வரி 2,320, அடுத்த வரி 4,120, அதற்குக் கீழே இரண்டு அச்சுகளுக்கான எண்கள்.

மூன்று பழைய கேரவன்கள் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ஆறு படுக்கை, இரட்டை அச்சு, எம்டிபிஎல்எம் (சாமானோடு உச்ச எடை) 1,750 கிலோ. இரண்டாவது ஆறு படுக்கை, ஒற்றை அச்சு, 1,500. மூன்றாவது நான்கு படுக்கை, ஒற்றை அச்சு, 1,350.

விற்பவர் முதலாவதைத்தான் வாங்கச் சொல்கிறார். "உங்கள் கார் 1,800 இழுக்கும், ஐம்பது கிலோ மிச்சமே இருக்கிறதே" என்பது அவர் வாதம். ஆனால் எங்கே தேடினாலும் கேரவன் காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. இதில் எதை நம்புவது? இன்னொன்று, நான் லைசென்ஸ் எடுத்தது 2009இல். அது போதுமா?

ஹவுன்ஸ்லோ_குமரன் | சனி, இரவு 9.52

லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம் கார்த்தி. 1997 ஜனவரி 1க்குப் பிறகு பாஸானவர்களுக்கு முன்பு காரும் கேரவனும் சேர்ந்து 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டு இருந்தது. அதைத் தாண்ட வேண்டும் என்றால் தனியாக ஓட்டும் தேர்வில் தேற வேண்டும். 2021 டிசம்பர் 16 முதல் அது போய்விட்டது. இப்போது சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரையுள்ள டிரெய்லரை இழுக்கலாம்.

எடையிலும் சட்டப்படி தடை இல்லை. தகட்டில் முதல் வரி காரின் மொத்த எடை வரம்பு, இரண்டாவது வரி காரும் கேரவனும் சேர்ந்த வரம்பு. 4,120இல் 2,320ஐக் கழித்தால் 1,800. கார் முழுச் சுமையோடு இருந்தால்கூட முதல் கேரவனோடு சேர்த்து 4,070தான் வருகிறது. 85 சதவீதம் என்பது சட்டம் இல்லை, கேரவன் சங்கங்கள் சொல்லும் ஆலோசனை. ஐந்து பேருக்கு நெருக்கியடித்துப் படுக்கிற கேரவன் வாங்கினால் இரண்டாவது வருடமே விற்றுவிடுவீர்கள்.

சுன்னாகத்தார் | ஞாயிறு, காலை 7.30

தம்பி கார்த்தி, குமரன் தம்பி சொன்னதில் சட்டப் பகுதி சரி. ஆனால் அந்த 1,800 எதைக் காட்டுகிறது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேணும். கார் செய்கிற கொம்பனி, பன்னிரண்டு சதவீத ஏற்றத்தில் அந்தப் பாரத்தோடு நிறுத்தித் திரும்பக் கிளம்ப முடியுமா என்று பார்க்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்ப வேணும். எஞ்சின், கிளச் எல்லாம் தாங்கும் என்பதற்கு அது அத்தாட்சி. மோட்டர்வேயில் அறுபது மைல் வேகத்தில் போகும்போது பக்கத்தில் ஒரு லொறி கடந்தால் உங்கள் கார் அந்தக் கரவனை அடக்கி வைத்திருக்குமா என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை.

85 சதவீதம் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான். கரவனின் எம்டிபிஎல்எம், அதாவது சாமானோடு அது போகக்கூடிய உச்ச நிறை, காரின் கெர்ப் வெயிட்டில், அதாவது சாமான் ஏற்றாத காரின் நிறையில், 85 சதவீதத்துக்குள் இருக்க வேணும் என்று புதிதாக இழுப்பவர்களுக்குச் சொல்லுகிறார்கள். இங்கே இருக்கிற இரண்டு பெரிய கிளப்புகளும் அதைத்தான் சொல்லுகின்றன. நன்றாகப் பழகியவர்கள் நூறு சதவீதம் வரை போகலாம், அதற்கு மேல் போகவே கூடாது என்பதும் அதே ஆலோசனைதான்.

உங்கள் கணக்கைப் பாருங்கோ. 1,690இல் 85 சதவீதம் 1,436. முதலாவது கரவன் 103 சதவீதத்துக்கும் மேலே போகுது. இரண்டாவது கிட்டத்தட்ட 89. மூன்றாவது 80. முதலாவதை இப்பவே மறந்துவிடுங்கோ. வாகனத்தைவிடப் பாரமான ஒன்றைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ரோட்டுக்குப் போக வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேணும். 'ஜி' கட்டத்து நிறையில் ஓட்டுநருக்கு 75 கிலோவைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். சில கையேடுகளில் கெர்ப் வெயிட் என்று ஓட்டுநர் இல்லாத நிறையைப் போட்டிருப்பார்கள். எந்த எண்ணை எடுக்கிறோம் என்று தெரியாமல் சதவீதம் போட்டால் நாலைந்து புள்ளி மாறிவிடும். குறைவான எண்ணை எடுத்துக்கொண்டால் தப்பில்லை.

ஹவுன்ஸ்லோ_குமரன் | ஞாயிறு, காலை 10.05

அண்ணா, ஒரு மாற்றுக் கருத்து. அந்த 85 பல பத்தாண்டு பழைய கணக்கு. அப்போதைய காரில் ஏபிஎஸ் கிடையாது, ஸ்டெபிலைசர் கிடையாது. இன்றைக்கு ஆட்டத்தைக் குறைக்கிற அல்-கோ ஏகேஎஸ் கொக்கி இருக்கிறது, கேரவன் பிரேக்கைத் தானே போடுகிற ஏடிசி இருக்கிறது, காரிலேயே டிரெய்லர் ஸ்டெபிலிட்டி இருக்கிறது. கேரவன் ஆட ஆரம்பித்தால் மின்னணுவே பிரேக் போட்டு நிறுத்துகிறது. அதனால் 95, 100 என்று போவதில் பயப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. இரட்டை அச்சு கேரவன் நேராக ஓடுவதையும் நானே பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணி | ஞாயிறு, மதியம் 1.40

வாகன சஸ்பென்ஷன் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேரவன் நெளிவது ஓட்டுநரின் தவறால் மட்டும் வருவதில்லை. காரின் பின்னால் இருக்கும் இணைப்புப் பந்தில் மாட்டிய ஒரு கனமான பெட்டி, அந்தப் பந்தை மையமாக வைத்து இடதும் வலதுமாக ஊசலாடும் இயல்புடையது. லாரி கடக்கும்போது வரும் காற்று, பாலத்தின் மேல் அடிக்கும் குறுக்குக் காற்று, சாலைப் பள்ளம், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவது என்று ஏதோ ஒன்று அதைத் தட்டிவிடுகிறது. குறைந்த வேகத்தில் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகி, இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். வேகம் கூடக் கூட அடங்குவதற்கு அதிக நேரம் பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஆட்டம் அடங்காது, வளரும். இந்த எல்லை வேகம் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று. நம் கவலை எல்லாம் அந்த எல்லையை நாம் ஓட்டுகிற வேகத்துக்கு மிக மேலே தள்ளி வைப்பதுதான்.

எதெல்லாம் அதைக் கீழே இறக்கும்? கார் லேசாக இருப்பது. கேரவன் கனமாக இருப்பது. காரின் பின் அச்சுக்கும் பந்துக்கும் இடையே தூரம் அதிகமாக இருப்பது. டயரில் காற்று குறைவு. பந்தின் மேல் அழுத்தம் போதாமல் இருப்பது. கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று: கேரவனுக்குள் எடை எங்கே இருக்கிறது என்பது. தோளில் காவடி சுமந்து திரும்பியவர்களுக்குத் தெரியும், இரண்டு முனையிலும் கனம் இருந்தால் சுழற்றுவதும் கஷ்டம், சுழல ஆரம்பித்தபின் நிறுத்துவதும் கஷ்டம். முன் பெட்டியில் இரண்டு காஸ் சிலிண்டர், பின்னால் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு சைக்கிள் என்று ஏற்றினால் பந்தின் மேல் எடை சரியாகவே காட்டலாம். ஆனால் வண்டி மோசமாக நெளியும். அதே எடையை அச்சுக்கு மேலே தரையோடு வைத்தால் அதே கேரவன் ஒழுங்காக வரும்.

குமரன் சொன்ன கருவிகள் எல்லாம் நல்லவை, நானும் அவற்றை வைத்திருக்கச் சொல்வேன். ஆனால் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஏகேஎஸ் கொக்கியில் உள்ள உராய்வுத் துண்டுகள் பந்தைப் பிடித்து ஆட்டத்தைக் குறைக்கின்றன. பந்தில் கிரீஸ் தடவினால் அந்தப் பிடிப்பு போய்விடும், அதனால் பந்தைச் சுத்தமாகத் துடைத்து வைக்க வேண்டும். ஏடிசி, கேரவன் ஆடுவதை உணர்ந்து அதன் பிரேக்கைப் போடுகிறது. காரின் டிரெய்லர் ஸ்டெபிலிட்டி வேலை செய்ய, பின்னால் டிரெய்லர் மாட்டியிருக்கிறது என்று காருக்குத் தெரிய வேண்டும். காருக்கென்றே வரும் 13 முனை (பின்) வயரிங்கும் அதற்குரிய மாட்யூலும் போட்டால்தான் அது தெரியும். மலிவான பொது வயரிங் போட்டவர்கள் பலர் தங்களிடம் அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

இவை எல்லாமே ஆட்டம் ஆரம்பித்தபின் உதவுபவை. எடை விகிதம் ஆட்டம் ஆரம்பிக்காமலே தடுப்பது. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று ஈடாக வைக்க முடியாது. இரட்டை அச்சு நேராக ஓடும் என்பதும் உண்மைதான். ஆனால் அது நெளிய ஆரம்பித்துவிட்டால் 1,750 கிலோ 1,690 கிலோவைத் தள்ளும். 85 சதவீதம் ஏதோ ஆய்வகத்தில் அளந்து பிறந்த கறாரான எல்லை இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 84இல் பத்திரம், 86இல் ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. முதல்முறை இழுக்கிறவருக்கு அது நல்ல இடைவெளி விட்டுத் தருகிறது, அவ்வளவே.

மெல்பன்_மாறன் | ஞாயிறு, மதியம் 2.20

ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே 85 சதவீதம் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏடிஎம் (கேரவனின் உச்ச எடை), ஜிசிஎம் (காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை) என்ற இரண்டு வரம்புகளைத்தான் பார்க்கிறோம். பந்தின் மேல் எடை கேரவன் எடையில் சுமார் பத்து சதவீதம் இருக்க வேண்டும் என்பார்கள். கார்த்தியும் அப்படியே முன்பக்கம் கொஞ்சம் கனமாக ஏற்றினால் 1,750ஐ இழுக்கலாமே?

தாமிரபரணி | ஞாயிறு, மதியம் 2.45

மாறன், உங்கள் நாட்டு வழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. உங்களிடம் 3,500 கிலோ இழுக்கிற பெரிய நாலு சக்கர டிரைவ் வண்டிகள், அதற்கேற்ற கனமான கொக்கிகள். இங்கே கேரவன் கொக்கியே பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் தாங்காது, குடும்பக் கார்களின் வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். இங்கே சொல்வது 5 முதல் 7 சதவீதம்.

லீட்ஸ்_மீனா | ஞாயிறு, மாலை 6.10

கார்த்தி, நீங்கள் கொடுத்த விவரத்தில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. நோஸ் வெயிட் வரம்பு, அதாவது கேரவன் கொக்கி காரின் பந்தின் மேல் அழுத்தக்கூடிய உச்ச எடை. காரின் கையேட்டிலும் டோ பார் (கேரவனை மாட்ட காரின் பின்னால் போடும் கம்பி) தகட்டிலும் 'எஸ்' என்று போட்டு இருக்கும். அது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். மூன்று கேரவனில் எது என்பதை அதுவே பாதி முடிவு செய்துவிடும்.

அதற்குள் எடையின் உள்கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குபவர்கள் எல்லாரும் திணறுவது இதில்தான். உங்கள் இரண்டாவது கேரவனை எடுத்துக்கொள்வோம். இந்த அளவு ஆறு படுக்கைக் கேரவனில் வெறும் எடை, அதாவது மிரோ, 1,345 போல இருக்கலாம். 1,500இல் அதைக் கழித்தால் 155 கிலோ. கேட்க நிறைய மாதிரி இருக்கும். இப்போது சேர்த்துக்கொண்டே வாருங்கள். மோட்டார் மூவர் (நின்ற இடத்தில் கேரவனை நகர்த்தும் மோட்டார்) மாட்டியிருந்தால் 32. லெஷர் பேட்டரி (கேரவனின் உள் மின்சாரத்துக்கு) 22. ஆனிங் (கேரவனை ஒட்டிப் போடும் கூடாரம்) கம்பிகளோடு 30. தண்ணீர் உருளையும் கழிவுநீர்ப் பெட்டியும் காலியாக 8. மின் இணைப்புக் கேபிள் 5. மடக்கு நாற்காலிகளும் மேசையும் 20. கொக்கிப் பூட்டும் சக்கரப் பூட்டும் 12. கூட்டினால் 129 ஆகிவிட்டது. ஐந்து பேரின் படுக்கை, துணி, பாத்திரம், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் மிச்சம் 26 கிலோ. பேட்டரியையும் காஸையும் மிரோவில் சேர்ப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இது இன்னும் இறுக்கமாக இருக்கும். அரிசி மூட்டை, பெரிய குக்கர், மாவு டப்பா, தோசைக்கல், சிலர் டேபிள்டாப் கிரைண்டரே எடுத்து வருகிறார்கள். அதை எல்லாம் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல மாட்டேன், அம்மாவும் பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமே. கேரவனில் ஏற்றாமல் கார் டிக்கியில் ஏற்றுங்கள். காரின் வரம்பு 2,320, காரின் எடை உங்களோடு சேர்த்து 1,690. மிச்சம் 630. மற்ற நாலு பேருக்கு ஒரு 240, டோ பாருக்கு 25, பந்தில் இறங்கும் எடை 80 என்று வைத்தாலும் இன்னும் 285 கிலோவுக்கு இடம் இருக்கிறது. பின் அச்சின் வரம்பை மட்டும் தாண்டக் கூடாது, தகட்டில் நாலாவது வரி அது.

கேரவனுக்குள் கனமானதெல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையில். மேல் அலமாரியில் துணியும் ரொட்டியும் போதும். பின்னால் குளியலறையில் ஆனிங் மூட்டையைத் திணிப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது கையருகே இருக்கிறது என்பதால் செய்கிறார்கள். அதைவிட மோசமான இடம் கேரவனில் இல்லை. தண்ணீர் டாங்க் இருந்தால் கிளம்பும் முன் காலி செய்யுங்கள், லிட்டருக்கு ஒரு கிலோ, அதுவும் ஓடும்போது உள்ளே அலைபாயும்.

கீன்ஸ்_கார்த்தி | ஞாயிறு, இரவு 8.30

மீனா அக்கா, கையேட்டில் பார்த்துவிட்டேன். எஸ் 80 கிலோ. இன்னும் டோ பார் போடவில்லை, அதனால் அதன் தகடு இல்லை.

விற்பவரிடம் இன்று போனில் 85 சதவீதம் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் பயமுறுத்துகிற பேச்சு, எங்களிடம் வாங்குபவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை" என்றார். நோஸ் வெயிட் பற்றிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார்.

சுன்னாகத்தார் | ஞாயிறு, இரவு 9.10

80 என்றால் விஷயம் தெளிவாகிவிட்டது தம்பி.

கரவன் கொக்கிக்கு 100 கிலோ வரம்பு, காருக்கு 80 வரம்பு. இரண்டில் சிறியதுதான் உங்களுக்கு. முதலாவது கரவன் 1,750. அதில் ஐந்து சதவீதம் 87 கிலோவுக்கு மேலே. ஆகக் குறைந்த நோஸ் வெயிட்டையே உங்கள் கார் தாங்காது. 80க்குக் கொண்டுவர வேணும் என்றால் பாரத்தைப் பின்னுக்குத் தள்ள வேணும், அப்படித் தள்ளினால் கரவன் நெளியும். இதில் வெளியே வர வழியே இல்லை.

இரண்டாவது 1,500. ஐந்து சதவீதம் 75, ஏழு சதவீதம் 105. உங்களுக்குக் கிடைப்பது 75க்கும் 80க்கும் இடையே ஐந்து கிலோ. ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்த்துத்தான் ரோட்டில் ஏற வேணும். செய்ய முடியும், ஆனால் ஒரு பெட்டி இடம் மாறினாலே கணக்குத் தப்பும்.

மூன்றாவது 1,350. ஐந்து சதவீதம் 67. 80 வைத்தால் ஆறு சதவீதத்துக்குக் கிட்ட. இது வசதியான இடம்.

நோஸ் வெயிட்டை ஊகிக்க வேண்டாம். அளக்கிற சின்னக் கருவி கடையில் இருக்கு. சாமான் முழுக்க ஏற்றி, சமதரையில் நிறுத்தி, கொக்கி பந்து இருக்கும் உயரத்திலேயே வைத்து அளக்க வேணும். ஜாக்கி வீலுக்கு (கேரவனின் முன்பக்கச் சின்னச் சக்கரம்) கீழே அளந்தால் வேறு எண் வரும்.

இன்னொன்று, முதல் பயணத்துக்கு முன்னால் எல்லாம் ஏற்றிக்கொண்டு வெயிட் பிரிட்ஜுக்கு (வாகனத்தை நிறுக்கிற மேடை) போங்கோ. கரவனையும் காரையும் தனித்தனியாக நிறுத்து எழுதித் தருவார்கள். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டினாலும் கடைசியில் நிஜ எண் கூடத்தான் வரும். டிவிஎஸ்ஏ (வாகனங்களைச் சோதிக்கிற அரசு அமைப்பு) ரோட்டில் மறித்து நிறுக்கும்போது உங்களுடைய கூட்டல் கணக்கை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

ஹவுன்ஸ்லோ_குமரன் | ஞாயிறு, இரவு 9.35

நோஸ் வெயிட் 80 என்பது எனக்குத் தெரியாது. அப்படி என்றால் 1,750 வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1,500 விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. 89 சதவீதம் பெரிய தவறு இல்லை, ஐந்து பேருக்கு இடமும் கிடைக்கும். கவனமாக ஏற்றினால் போதும்.

கேம்பிரிட்ஜ்_நிலா | ஞாயிறு, இரவு 10.00

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்களிடம் டெஸ்லா மாடல் ஒய் இருக்கிறது. மின்சாரக் கார் கனமாக இருப்பதால் 85 கணக்கில் சுலபமாகத் தேறிவிடும் இல்லையா?

தாமிரபரணி | ஞாயிறு, இரவு 10.25

நிலா, விகிதத்தில் தேறும், ஆனால் அதன் இழுப்பு வரம்பு 1,600 கிலோ, அதைத் தாண்டக் கூடாது. மின்சாரக் காரில் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான் முட்டும். கேரவன் மாட்டினால் ஒரு சார்ஜில் போகிற தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல சார்ஜிங் இடங்களில் கேரவனைக் கழற்றி நிறுத்தினால்தான் காரை உள்ளே விட முடியும், அதையும் பயணத் திட்டத்தில் சேருங்கள். சில ஹைப்ரிட் கார்களுக்கு இழுக்கவே அனுமதி கிடையாது. தகட்டில் சேர்ந்த எடைக்கான எண் இல்லை என்றால் அந்தக் காரில் கேரவன் இழுக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

கீன்ஸ்_கார்த்தி | திங்கள், இரவு 8.45

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசினோம். முதலாவது இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது 1,500ஆ 1,350ஆ என்பதுதான். அம்மா வரும்போது ஐந்தாவது படுக்கைக்கு என்ன செய்வது? 1,500 கேரவனின் தகட்டை மாற்றி எடையைக் குறைத்து எழுதி வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது நடக்குமா? அம்மா பயணத்தின்போது கேரவனிலேயே படுத்துக்கொண்டு வரலாமா?

லீட்ஸ்_மீனா | திங்கள், இரவு 9.20

கடைசிக் கேள்விக்கு முதலில். ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது. சட்டப்படியும் கூடாது. அம்மா காரில்தான் வர வேண்டும்.

தகட்டை மாற்ற முடியும், ஆனால் கேரவனின் வெறும் எடை அப்படியேதான் இருக்கும். 1,500ஐ 1,430 ஆக்கினால் 155 கிலோ பேலோடு (சாமானுக்கான எடை) 85 ஆகிவிடும். மேலே நான் கூட்டிய 129ஐ வைத்துப் பாருங்கள், ஆனிங்கைக்கூட ஏற்ற முடியாது.

என் யோசனை 1,350தான். ஆனிங்கின் பக்கத்தில் மாட்டுகிற உள் கூடாரம் கிடைக்கிறது, அதில் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை நீங்களும் மனைவியும் அதில், அம்மாவும் பிள்ளைகளும் கேரவனில். கழிவறை உள்ளேயே இருப்பதால் அம்மாவுக்கு இரவில் வெளியே வர வேண்டியதில்லை, வயதானவர்களுக்கு அது முக்கியம். கூடாரத்தையும் அதன் படுக்கையையும் காரில் போடுங்கள், மூன்றாவது வரிசை இருக்கையை மடக்கினால் இடம் இருக்கிறது. இரண்டு பருவம் ஓட்டிப் பழகியபின் பெரியது தேவை என்று தோன்றினால், அப்போது காரையும் கேரவனையும் சேர்த்து யோசியுங்கள்.

பழைய கேரவன் என்பதால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் நாலு இலக்கம் இருக்கும். 3418 என்றால் 2018ஆம் ஆண்டு 34ஆவது வாரம். கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே நின்ற இடத்தில் கெட்டுவிடும். ஐந்து வருடமானால் மாற்ற யோசிக்க வேண்டும், ஏழைத் தாண்டக் கூடாது. டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று விற்பவர் சொல்வார், கேட்காதீர்கள்.

கீன்ஸ்_கார்த்தி | திங்கள், இரவு 10.05

1,350 என்று முடிவு. விற்பவரிடம் சொல்லிவிட்டேன், டயர் இரண்டையும் மாற்றித் தர ஒத்துக்கொண்டார். டோ பாரும் காருக்கே உரிய 13 பின் வயரிங்கும் அடுத்த வாரம் போடுகிறோம்.

மனைவியின் கேள்வி ஒன்று. எல்லாம் சரியாகச் செய்தும் நெளிய ஆரம்பித்தால் என்ன செய்வது? அவரும் ஓட்டுவார்.

தாமிரபரணி | திங்கள், இரவு 10.40

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராக, இறுக்காமல் பிடித்திருக்க வேண்டும். கேரவன் இடதுபக்கம் போனால் எதிராகத் திருப்பச் சொல்லி மனம் தூண்டும், அதைச் செய்யக் கூடாது. நம் கை எப்போதும் கொஞ்சம் தாமதமாகவே திருப்பும், அந்தத் தாமதம் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கிவிடும். பிரேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது. வேகமெடுத்து இழுத்து நேராக்கலாம் என்று பழைய ஆட்கள் சிலர் சொல்வார்கள், அதையும் செய்ய வேண்டாம். வேகம் குறைந்தால் ஆட்டம் தானாக அடங்கும். அப்புறம் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, டயரையும் ஏற்றிய விதத்தையும் பார்க்காமல் மறுபடி கிளம்பக் கூடாது.

இறக்கத்தில் இன்னும் கவனம். ஐம்பது மைலிலிருந்து அறுபதுக்குப் போனால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் அடக்க வேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். கேரவனோடு மோட்டர்வேயிலும் இரட்டைச் சாலையிலும் வரம்பு 60 மைல், ஒற்றைச் சாலையில் 50. மூன்று வழி மோட்டர்வேயில் வலது ஓர வழியில் போகக் கூடாது. லாரியோ கோச்சோ கடக்க வருவதைக் கண்ணாடியில் முன்கூட்டியே பார்த்து, கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டால் அந்தக் காற்றுத் தள்ளல் குறையும். இதற்கே கேரவன் அகலத்துக்கு ஏற்ற நீட்டுக் கண்ணாடி இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும்.

இரண்டு பேரும் ஓட்டுவதால் கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப் நடத்தும் இழுப்புப் பயிற்சியில் இருவரும் சேர்ந்தே போங்கள். ரிவர்ஸ் எடுப்பதை அங்கே பழகினால் முகாம் வாசலில் தடுமாற வேண்டியிருக்காது.

கீன்ஸ்_கார்த்தி | திங்கள், இரவு 10.55

ரொம்ப நன்றி. பிள்ளைகளுக்கு ஸ்கார்பரோ கடற்கரை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதுதான் முதல் பயணம். நாவிகேஷன் தேர்ஸ்க் வழியாக ஏ170ஐக் காட்டுகிறது. அந்தச் சாலை எப்படி?

லீட்ஸ்_மீனா | செவ்வாய், காலை 7.15

வேண்டவே வேண்டாம் கார்த்தி. அந்த வழியில் சட்டன் பேங்க் மேடு இருக்கிறது. நாலுக்கு ஒன்று என்ற செங்குத்து, கேரவன்களுக்கு அங்கே தடையே போட்டிருக்கிறார்கள். சாதாரணக் கார் நாவிகேஷனுக்கு அது தெரியாது. ஏ1லிருந்து ஏ64 பிடித்து யார்க், மால்டன் வழியாகப் போங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் மால்டன் பக்கம் நெரிசல் இருக்கும், அதனால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன் அந்த இடத்தைத் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள்.